வீட்டில் செய்யும் உடற்பயிற்சியை போன் கேமராவால் அளப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு

முட்டி மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து கோயம்புத்தூரிலிருந்து காங்கேயம் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்குத் திரும்புகிறவர் கையில், மாத்திரைப் பையோடு ஒரு தாளும் இருக்கும். அதில் ஐந்தாறு படங்கள், பக்கத்தில் "காலை 10, மாலை 10" என்று பேனாவில் எழுதியிருக்கும். முதல் வாரம் மகள் கூட இருந்து செய்யவைப்பார். அப்புறம் அவரும் திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். தாள் காலண்டருக்குப் பின்னால் போய்விடும். பெரியவர் பயிற்சியை விடுவதில்லை. ஆனால் முட்டி எவ்வளவு மடங்குகிறது, போன வாரத்தைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. பிசியோதெரபிஸ்டைப் பார்க்கப் போவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும்.

இந்த இடத்தில் வீட்டிலிருக்கும் போன் உண்மையாகவே உதவும். மூன்று பேரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்: புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடும் பொறியியல் மாணவர், தன்னிடம் வருகிறவர்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பும் பிசியோதெரபிஸ்ட், பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும், பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரிந்த பிள்ளை. ஒரு போன் அல்லது வெப்கேம் உள்ள லேப்டாப், ஓர் அளவு டேப், ஒரு நாற்காலி போதும். எந்தப் பயிற்சி, எத்தனை முறை என்பதை மருத்துவரும் பிசியோவும் முடிவு செய்வார்கள். கருவியின் வேலை பார்ப்பது, அளப்பது, எடுத்துச் சொல்வது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமராவுக்குச் சரியாகத் தெரியாத நேரம் கட்டாயம் வரும். அந்த நேரத்தில் ஊகித்துப் பேசும் கருவியைவிட "எனக்குத் தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு நிற்கும் கருவி நூறு மடங்கு மேல். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இதை மறக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

1. முதலில் ஒரே ஓர் அசைவு

புதிதாகத் தொடங்குகிற பலர் இருபது பயிற்சிகளைப் பட்டியல் போட்டுவிட்டு ஆரம்பிக்கிறார்கள். வேண்டாம். ஒன்றை எடுங்கள். என் பரிந்துரை, நாற்காலியிலிருந்து எழுந்து நின்று மறுபடி உட்காருவது. அசைவு பெரியது, கேமராவுக்கு நன்றாகத் தெரியும். முட்டிக் கோணம் ஏறக்குறைய 90 டிகிரியிலிருந்து 180 வரை போகும். கூடவே, இதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு சோதனையும் இருக்கிறது. 43 சென்டிமீட்டர் உயர இருக்கை, கைகள் இரண்டையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொள்ள வேண்டும், 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்கிறார் என்று எண்ண வேண்டும். கையை ஊன்றி எழுந்தால் மதிப்பு பூஜ்யம். நேரம் முடியும்போது பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதையும் ஒன்றாகச் சேர்க்கலாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி 70 முதல் 74 வயதில் பெண்கள் 10க்குக் கீழும் ஆண்கள் 12க்குக் கீழும் எடுத்தால் சராசரிக்குக் குறைவு, அதாவது கீழே விழும் ஆபத்து இருக்கிறது என்று பொருள்.

நாற்காலியின் உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். தினமும் அதே நாற்காலி. இருக்கை தாழ்ந்தால் எழுவது கடினம், உயர்ந்தால் எளிது. திங்கட்கிழமை பிளாஸ்டிக் நாற்காலி, செவ்வாய்க்கிழமை தலையணை போட்ட மர நாற்காலி என்றால் இரண்டு நாள் எண்ணிக்கையை ஒப்பிடவே முடியாது. கயிற்றுக் கட்டில் தொய்ந்து போகும், இதற்கு ஆகாது. டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் வழுக்கும். முதுகுப் பக்கத்தைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள்.

அசைவைத் தேர்ந்தெடுத்ததும் அந்தப் பெரியவரிடமே ஒரு கேள்வி கேளுங்கள்: குணமானதும் என்ன செய்ய வேண்டும் என்று ஆசை? "டவுன் பஸ் படி ஏறணுங்க" என்பார் ஒருவர். குத்தவைத்துக் களை எடுக்க வேண்டும் என்பார் இன்னொருவர். வள்ளி கும்மி ஆடப் போக வேண்டும் என்று சொல்கிற பெண்களும் உண்டு. கோவை மாவட்டத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்திரப்பன் 2024இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானபோது அவருக்கு வயது 87. அந்த ஆசையில் தவறே இல்லை. எந்த அளவைப் பின்தொடர வேண்டும் என்பதை இந்தப் பதில்தான் தீர்மானிக்கும். பஸ் படிக்கு எழும் வலு முக்கியம். குத்தவைக்க மடங்கும் கோணம் முக்கியம். கும்மிக்கு வேகமும் தடுமாறாமல் நிற்பதும் சேர்த்துத் தேவை. முட்டி மாற்றியவர்கள் குத்தவைக்கலாமா, சம்மணங்கால் போடலாமா என்பதை அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரிடம் கேட்டுத்தான் குறிக்கோளாக வைக்க வேண்டும்.

2. எதை வைத்து அளப்பது

ஆய்வுக்கூடங்களில் உடம்பில் சிறு பந்துகளை ஒட்டி, சுற்றிலும் பல கேமராக்கள் வைத்து அளப்பார்கள். மிகத் துல்லியமாக இருக்கும், ஆனால் வீட்டுக்கு ஒத்துவராது. 2010இல் மைக்ரோசாஃப்ட் கைனெக்ட் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, எதையும் ஒட்டாமலே மூட்டுகளைக் காணலாம் என்பது வீடுகளுக்குள் வந்தது. இன்று அதற்குத் தனிக் கருவி தேவையில்லை. சாதாரணக் கேமராப் படத்திலிருந்தே மூட்டுகளின் இடத்தைக் கண்டுபிடிக்கும் மாடல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கூகுளின் மூவ்நெட் 17 புள்ளிகளைத் தரும். அதே நிறுவனத்தின் மீடியாபைப் போஸ் 33 புள்ளிகளைத் தரும். மூவ்நெட் கணுக்காலோடு நின்றுவிடும். மீடியாபைப்பில் குதிகாலும் கால்விரல் முனையும் உண்டு. பாதத்தை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சி பின்னால் வரப்போகிறதென்றால் மீடியாபைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் போனுக்குள்ளேயே இயங்கும். மாடல் கோப்பை ஒரு முறை இறக்கிவிட்டால் இணையம் தேவையில்லை. மொட்டை மாடி ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் தோட்டத்து வீடுகளில் இது பெரிய வசதி. வீட்டு ஆட்களின் வீடியோ வெளியே எங்கும் போகாமல் இருப்பதற்கும் இதுவே வழி.

மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது. போனையே தொடையில் கட்டிவிடுவது. அதைப் பற்றி உடை பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

3. கேமராவும் இடமும்

நிரல் எழுதுவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடப் பலர் இடத்துக்குக் காட்டுவதில்லை. அளவு கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

நம் பழைய வீடுகளில் ஆசாரம் என்கிற கூடத்தில்தான் நாற்காலி போட இடம் இருக்கும். ஒரு பக்கம் வாசல், அதிலிருந்து வெயில் கண்ணைக் கூசும் அளவுக்கு உள்ளே விழும். ஆள் வாசலுக்கு முன்னால் உட்கார்ந்து, கேமரா உள்ளேயிருந்து பார்த்தால் படத்தில் கறுப்பு உருவம் மட்டும்தான் தெரியும். முட்டியும் கையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கேமராவின் முதுகு வாசலைப் பார்க்கட்டும், ஆள் மேல் வெளிச்சம் விழட்டும். சாயங்காலம் பயிற்சி செய்கிறவரென்றால் அதே நேரத்தில் ட்யூப்லைட் போட்டு ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். காலையில் சரியாக வந்தது இருட்டியபின் சரியாக வராமல் போகலாம்.

தூரம் இரண்டிலிருந்து மூன்று மீட்டர். உயரம், நிற்கும்போது அவருடைய இடுப்பு மட்டம். போனைத் தரையில் வைத்துச் சொம்பில் சாய்த்தால் கேமரா கீழிருந்து மேலே பார்க்கும், தொடை குறுகித் தெரியும். ஒரு ஸ்டூல் மேல் போன் ஸ்டாண்ட் வைத்தால் போதும். போனை நெட்டுக்குப் பிடியுங்கள். உட்கார்ந்திருக்கும்போது பார்த்துவிட்டு "முழுசாத் தெரியுது" என்று விட்டுவிடாமல், ஆளை எழுந்து நிற்கச் சொல்லி, தலையிலிருந்து பாதம் வரை கேமராப் படத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது திசை. முட்டி மடங்குவதைப் பார்க்கக் கேமரா சரியாகப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டே பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து காலை முன்னால் நீட்டுகிறார், தொடை தரைக்கு இணையாக இருக்கிறது, முட்டிக் கோணம் உண்மையில் 135 டிகிரி. நேர் பக்கவாட்டில் கேமராவும் 135 என்றே காட்டும். நாற்காலி 30 டிகிரி திரும்பியிருந்தால் 131 ஆகத் தெரியும். 45 டிகிரி திரும்பியிருந்தால் 125. கால் அதேதான், பத்து டிகிரி காணாமல் போய்விட்டது. ஒரு நோயாளி இரண்டு வாரம் பாடுபட்டுச் சேர்க்கும் முன்னேற்றத்தை நாற்காலியின் திருப்பம் ஒரு நொடியில் அழித்துவிடும்.

அதனால் நாற்காலியின் நான்கு கால்களையும் ஸ்டூலின் கால்களையும் தரையில் குறித்துவிடுங்கள். சாக்பீஸ் என்றால் மறுநாள் துடைக்கும்போது போய்விடும். இன்சுலேஷன் டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினால் நிற்கும். செலவு பத்திருபது ரூபாய். எனக்குத் தெரிந்து இந்த முழு வேலையிலும் அதிகப் பலன் தரும் செலவு இதுதான்.

கேமராப் படத்துக்குள் இன்னொருவர் வரக்கூடாது. ஓர் ஆளை மட்டும் பின்தொடரும் மாடல், பேரன் குறுக்கே ஓடினால் திடீரென்று அவனுடைய முட்டியை அளக்க ஆரம்பித்துவிடும்.

4. சேலை, வேட்டி, நைட்டி

வெளியூர்ப் பாடங்களில் எல்லாம் ஆள் அரைக்கால் சட்டையோடு நிற்பார். நம் வீட்டில் அப்படி இல்லை. சேலையில் முட்டி எங்கே இருக்கிறது என்று மனிதருக்கே சரியாகத் தெரியாது. மாடலோ, துணிக்கு அடியில் இங்கேதான் இருக்கும் என்று ஊகித்து ஒரு புள்ளியை வைத்துவிடும். நன்றாகத் தெரிகிறது என்ற மதிப்பெண்ணையும் அதற்குக் கூடவே கொடுத்துவிடுவது உண்டு. ஏமாந்துவிடக்கூடாத இடம் இது.

ஒரு மாணவர் குழு செய்த செயலியை அவிநாசிப் பக்கம் ஒரு வீட்டில் வைத்துப் பார்த்தோம். அந்த அம்மா அழகாக எழுந்து நின்றார். போன் "எழுந்து நில்லுங்கள்" என்றது. அவர் நின்றபடியே பேத்தியைத் திரும்பிப் பார்த்து, "ஏனுங் கண்ணு, நான் நின்னுட்டுத்தானே இருக்கறேன்? இன்னும் எந்திரிங்கங்குது?" என்றார். பேத்தி போனை எட்டிப் பார்த்தாள். சேலைக் கொசுவத்தின் மடிப்பு ஒன்றை மாடல் முட்டியாக எடுத்துக்கொண்டு, 140 டிகிரியிலேயே நின்றுகொண்டிருந்தது. "அம்முச்சி, நீங்க சரியாத்தான் பண்றீங்க. அதுக்குத்தான் தெரியலைங்" என்றாள்.

வேட்டி கட்டுகிறவருக்கு வழி எளிது. முட்டிக்கு மேல் மடித்துக் கட்டினால் போதும். சுடிதார் போடுகிற பெண்களுக்கும் பெரிய சிக்கல் இல்லை, டாப்ஸை இடுப்பில் கொஞ்சம் ஒதுக்கிவிட்டால் சரி. சேலையே உடுத்திப் பழகிய பாட்டியிடம் போய் டிராக் பேன்ட் போடச் சொல்வது மரியாதையில்லை, நடக்கவும் நடக்காது. அளவைத்தான் மாற்ற வேண்டும். எழுந்து உட்காருவதை எண்ண முட்டிக் கோணமே தேவையில்லை. தோள்பட்டைப் புள்ளி எவ்வளவு உயர்ந்து இறங்குகிறது என்று பார்த்தாலே எண்ணிவிடலாம். தோள் சேலையிலும் நன்றாகவே தெரியும்.

கோணமும் கட்டாயம் தேவை என்றால் போனைத் துணிப் பட்டையால் தொடையின் பக்கவாட்டில் கட்டுங்கள், சேலைக்கு மேலேயே கட்டலாம். போனுக்குள் இருக்கும் முடுக்கமானி புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அறியும். அதிலிருந்து தொடையின் சாய்வைக் கணக்கிடலாம். உட்கார்ந்திருக்கும்போது தொடை கிடைமட்டம், நின்றால் செங்குத்து. மெதுவான அசைவுக்கு இது நம்பகமானது. வேகமாக அசைந்தால் அந்த வேகமும் கலந்துவிடும், அப்போது போன் சுழலும் வேகத்தை அளக்கும் சுழற்சிமானியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

5. புள்ளியிலிருந்து கோணம்

இனி கணக்கு. இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று மூன்று புள்ளிகள். முட்டியிலிருந்து இடுப்புக்கு ஒரு வெக்டர், முட்டியிலிருந்து கணுக்காலுக்கு ஒரு வெக்டர். இரண்டின் புள்ளிப் பெருக்கத்தை இரண்டின் நீளங்களின் பெருக்கத்தால் வகுத்து, அதற்கு நேர்மாறு கொசைன் எடுத்தால் கோணம் கிடைக்கும். பிளஸ் டூ கணக்குதான். மீடியாபைப்பில் இடது காலுக்கு 23, 25, 27ஆம் புள்ளிகள், வலது காலுக்கு 24, 26, 28. கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் காலை எடுங்கள். மறுபக்கத்துக் கால் மறைந்திருக்கும், அதன் புள்ளி ஊகம்தான்.

அடிக்கடி எல்லோரும் மாட்டிக்கொள்ளும் ஒரு பொறி இருக்கிறது. மீடியாபைப் தரும் எண்கள் பிக்சல் அளவில் வருவதில்லை. அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியாக 0 முதல் 1 வரை சுருக்கிக் கொடுக்கும். அப்படியே கோணத்தைக் கணக்கிட்டால் தப்பு. 720 அகலம், 1280 உயரம் உள்ள படத்தில் செங்குத்திலிருந்து 45 டிகிரி சாய்ந்திருக்கும் கால், கிட்டத்தட்ட 61 டிகிரி சாய்ந்ததாக வந்து நிற்கும். கணக்கைத் தொடங்கும் முன் ஒன்றை அகலத்தாலும் மற்றதை உயரத்தாலும் பெருக்கிவிடுங்கள். செல்ஃபி கேமராவில் படம் கண்ணாடிபோல் திருப்பிக் காட்டப்படலாம், இடம் வலம் மாறியிருக்கிறதா என்றும் ஒரு முறை பாருங்கள்.

பிசியோ சொல்லும் எண்ணும் உங்கள் நிரல் சொல்லும் எண்ணும் வேறாக இருக்கும். அவர்களுக்கு நேராக நீட்டிய கால் 0, மடங்க மடங்க எண் கூடும். உங்கள் கணக்கில் நீட்டிய கால் 180, மடங்கினால் குறையும். 180இலிருந்து கழித்து, அவர்கள் மொழியிலேயே காட்டுங்கள். "இன்னிக்கு 95 வந்துச்சு" என்று பாட்டி போனில் சொன்னால் பிசியோவுக்கு உடனே புரிய வேண்டும்.

இன்னொன்றையும் நிதானமாக யோசித்துப் பாருங்கள். இந்தக் கணக்கில் 180க்கு மேல் விடை வரவே வராது. புள்ளிகள் எந்தப் பக்கம் நடுங்கினாலும் கோணம் 180க்குக் கீழேதான் விழும். அதனால் முழுக்க நீட்டிய காலும் சராசரியில் சில டிகிரி மடங்கியதாகவே தெரியும். முட்டி மாற்றியவர்களுக்கு அந்தக் கடைசிச் சில டிகிரிதான் உயிர். கால் முழுக்க நேராகாவிட்டால் நடையே மாறிவிடும். ஆக, எது மிக முக்கியமோ அங்கேதான் கேமரா மிகப் பலவீனம். "காலை முழுசா நீட்டலைங்க" என்று கேமராவை மட்டும் நம்பிச் சொல்லும் கட்டளையை உங்கள் கருவியில் வைக்காதீர்கள். கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, முட்டிக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்து, எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று வீட்டில் ஒருவர் பார்ப்பது இதைவிட மேல்.

6. நடுக்கத்தை அடக்கி, எண்ணுவது

ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் புள்ளிகள் சும்மா இருக்காது. நொடிக்கு 30 படம் என்றால், கடைசி ஐந்து படங்களின் கோணங்களை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுங்கள். ஒரே படத்தில் எகிறிப் போகும் தவறுகள் அதிலேயே போய்விடும். அதற்கு மேல் வழுவழுப்பு வேண்டுமென்றால் 2012இல் வெளியான ஒன் யூரோ வடிகட்டி இருக்கிறது. மெதுவான அசைவில் நடுக்கத்தை நன்றாக அடக்கும், வேகமான அசைவில் பின்தங்காது. அளவுக்கு மீறி வழுவழுப்பாக்கினால் போன் தாமதமாகப் பேசும், வேகமாகச் செய்கிறவரின் உச்சக் கோணமும் தேய்ந்துவிடும்.

எண்ணுவதற்கு ஒரே கோட்டை வைக்காதீர்கள். 150க்கு மேல் போனால் எழுந்தார் என்று வைத்தால், 150 பக்கத்தில் கால் லேசாக நடுங்கும்போதே மூன்று நான்கு என்று ஏறிவிடும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி, அப்புறம் கீழ்க் கோட்டுக்கும் இறங்கினால்தான் ஒன்று.

அந்தக் கோடுகள் எங்கே இருக்க வேண்டும் என்பதை ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பயிற்சி தொடங்கும்போது மூன்று நொடி உட்காரச் சொல்லி ஓர் அளவு, மூன்று நொடி நிற்கச் சொல்லி ஓர் அளவு. இரண்டுக்கும் நடுவிலான தூரத்தில் கால் பங்கில் கீழ்க் கோடு, முக்கால் பங்கில் மேல் கோடு. முதுகு கூனிய பெரியவருக்கு 165 டிகிரிதான் முழு நிமிர்வு என்றால் அதுவே அவருக்கு நூற்றுக்கு நூறு. இளைஞரின் 178ஐ அவர் தலையில் கட்டி, எண்ணிக்கையைப் பூஜ்யமாக வைத்திருப்பது கொடுமை.

எழ முயன்று பாதியில் உட்கார்ந்துவிட்ட முயற்சிகளைத் தூக்கி எறியாதீர்கள். தனியாக எழுதி வையுங்கள். பத்து முழு எழுச்சி, ஒரு பாதி என்பதற்கும் பத்து முழு, ஏழு பாதி என்பதற்கும் பிசியோ பார்வையில் நிறைய வித்தியாசம். கைமணிக்கட்டுப் புள்ளி நெஞ்சை விட்டுத் தொடைக்கு இறங்கினால், கையை ஊன்றினார் என்று அதையும் குறிக்கலாம்.

புள்ளி எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்று மாடல் 0 முதல் 1 வரை தரும் மதிப்பெண் 0.5க்குக் கீழே போய், அரை நொடிக்கு மேல் அப்படியே இருந்தால் எண்ணுவதை நிறுத்துங்கள். எத்தனை நொடி தெரியாமல் போனது என்பதையும் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பின்னால் தேவைப்படும்.

7. நம்பலாமா என்று சோதிப்பது

பிசியோக்கள் வைத்திருக்கும் கோனியோமீட்டர் என்ற பிளாஸ்டிக் கோணமானியை இரவல் வாங்குங்கள். உட்கார்ந்த நிலையில் முட்டியை ஐந்தாறு வெவ்வேறு கோணங்களில் நிறுத்தி, அதிலும் கேமராவிலும் வரும் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வேறுபாடு எல்லா இடத்திலும் ஒரே அளவு என்றால் கழித்துவிடலாம். ஓரிடத்தில் மட்டும் பெரிதாக இருந்தால் கேமராத் திருப்பம், பிக்சல் கணக்கு, உடை மூன்றையும் மறுபடி பாருங்கள். எண்ணிக்கைக்கு, ஒரு வீடியோவை எடுத்துக் கண்ணால் எண்ணி ஒப்பிட்டாலே போதும்.

இதைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு, பலர் செய்வதில்லை. ஆரோக்கியமான ஒருவரை அதே நாற்காலியில் காலையில், மாலையில், மறுநாள் என்று அளந்து பாருங்கள். அவர் முட்டியில் எதுவும் மாறியிருக்காது. ஆனாலும் எண்கள் மாறும். அந்த மாற்றம் 6 டிகிரி என்றால் உங்கள் அமைப்பின் ஆட்டம் 6 டிகிரி. அதன்பின் பாட்டிக்கு 4 டிகிரி கூடினாலும் குறைந்தாலும் கருவி வாயைத் திறக்கக்கூடாது. "சபாஷ், முன்னேற்றம்" என்று சொல்லிவிட்டு மறுநாள் "குறைந்துவிட்டது" என்றால், வலியோடு பயிற்சி செய்கிற மனுசிக்கு மனம் விட்டுப் போகும்.

சோதிக்கும் ஆட்கள் கல்லூரி நண்பர்களாக மட்டும் இருக்க வேண்டாம். கூன் விழுந்த உடம்பு, மெலிந்த உடம்பு, தொப்பை, கறுத்த நிறம், வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை வேட்டி, எல்லாவற்றிலும் பாருங்கள். நாளைக்கு இதைப் பயன்படுத்தப் போவது அவர்கள்தான்.

8. பேச வைப்பது

"முழங்காலைச் சரியான கோணத்தில் மடக்கவும்" என்று போன் சொன்னால் அது அறிவிப்புப் பலகை வாசகம். வயதானவர்கள் பதறுவார்கள். தேவைப்படுவது பத்துப் பதினைந்து வாக்கியங்கள்தான், வீட்டிலேயே ஒருவர் குரலில் பதிவு செய்துவிடலாம். "அம்முச்சி, மெதுவா உக்காருங்க", "இன்னொண்ணு பண்ணலாங்களா?", "போதுங்க, கொஞ்சம் தண்ணி குடிங்க." பேத்தியின் குரலுக்கு இருக்கும் சக்தி எந்த எந்திரக் குரலுக்கும் வராது.

ஒரு முறை எழுந்து உட்காருவதற்குள் ஒரு வாக்கியத்துக்கு மேல் சொல்லக்கூடாது. பாதி எழுந்திருக்கும்போது திருத்தம் சொன்னால் தடுமாறுவார், உட்கார்ந்தபின் சொல்லுங்கள். பல விஷயம் சொல்ல இருந்தால் வரிசை இது: முதலில் பாதுகாப்பு, அடுத்து "எனக்குத் தெரியலைங்க, நாற்காலியை டேப்புக்கு நேரா போடுங்க", அதற்கப்புறம் திருத்தம், கடைசியில் எண்ணிக்கை. ஒரே தவறை மூன்று முறை சொல்லியும் மாறவில்லை என்றால் நான்காம் முறை சொல்ல வேண்டாம். அது வலியாக இருக்கலாம், பயமாக இருக்கலாம். குறித்துவைத்துப் பிசியோவுக்கு அனுப்புங்கள்.

9. நிறுத்த வேண்டிய நேரம்

வலி கேமராவில் தெரியாது. தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று போன் கேட்கட்டும், பதில் கூடியிருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். தலைசுற்றல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் உடனே நிறுத்தி 108ஐ அழைக்க வேண்டும். அறுவைச் சிகிச்சை ஆனவருக்குக் கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் சூடும் வலியும் இருந்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம், பயிற்சியைத் தொடராமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இந்த வரிகளைப் பெரிய எழுத்தில் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். முதல் சில நாள் பக்கத்தில் ஓர் ஆள் கட்டாயம் இருக்க வேண்டும்.

10. எதைச் சேமிப்பது, யாருக்கு அனுப்புவது

வீடியோவைச் சேமிக்காதீர்கள். 33 புள்ளிக்கும் நான்கு எண் (இடத்துக்கு மூன்று, தெரியும் மதிப்பெண் ஒன்று) என்றால், நொடிக்கு 30 படத்தில் 3,960 எண்கள்தான். அதிலிருந்தே எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிடலாம், முகமும் வீடும் வெளியே போகாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொதுவாகச் சம்மதம் கேட்க வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கேமரா எப்போது ஓடுகிறது, எதை வைத்துக்கொள்கிறது என்று வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தமிழில் விளக்கிச் சொல்லி, சரி என்றபின் தொடங்குவதுதான் முறை.

வாரம் ஒரு முறை பிசியோவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் போகட்டும். எத்தனை நாள் செய்தார், 30 நொடியில் எத்தனை முழு எழுச்சி, எத்தனை பாதி, அதிகபட்ச மடக்குக் கோணம், வலி எண், நாற்காலி உயரம். அதற்குக் கீழே உங்கள் அமைப்பின் ஆட்டம் எத்தனை டிகிரி, மொத்த நேரத்தில் எத்தனை நொடி கேமராவுக்குத் தெரியவில்லை என்ற இரண்டையும் கட்டாயம் எழுதுங்கள். மேலே இருக்கும் எண்களை எவ்வளவு நம்பலாம் என்று அவர் இந்த இரண்டை வைத்துத்தான் முடிவு செய்வார்.

ஒரு மாதம் இது சீராக ஓடினால் இரண்டாவது அசைவுக்குப் போகலாம். கையை உயர்த்தும் தோள் பயிற்சி நல்ல தேர்வு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப் போவது அதிகம், தையல் மிஷினில் நாள் முழுக்கக் குனிந்து உட்காருகிறவர்களும் தோள்வலி என்று வருவார்கள். கையை முன்பக்கமாக உயர்த்தினால் கேமரா பக்கவாட்டில், பக்கவாட்டில் உயர்த்தினால் கேமரா நேர் எதிரே. உடம்பைச் சாய்த்துக் கையை உயர்த்தியதாகக் காட்டுவது இதில் சகஜம். அதனால் கை செங்குத்துக்கோட்டோடு செய்யும் கோணத்தை அளக்காமல், இடுப்பு, தோள், முழங்கை என்ற மூன்று புள்ளிகளின் கோணத்தை அளந்து, உடம்பின் சாய்வைத் தனியாக எழுதுங்கள். தரையில் படுத்தும் சம்மணமிட்டும் செய்யும் பயிற்சிகளைக் கடைசியாக எடுங்கள். மூட்டுகள் ஒன்றை ஒன்று மறைக்கும், மாடல் அங்கே நிறையத் தடுமாறும். புது அசைவுக்குக் கேமரா இடம் மாறினால் டேப்பும் புதிதாக ஒட்ட வேண்டும், வேறு நிறத்தில்.